பெரிய டயர் போட்ட பிக்கப்பில் போன இழுவையை மீட்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் பிரியும் மண்பாதைகளில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குப் பெரிய டயர் ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. இரு பக்கமும் தடம் பள்ளமாகி, நடுவில் மண் மேடிட்டு, பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரங்களின் கூடு) தரையை உரசிக்கொண்டே போகும். நானும் அதற்காகத்தான் 215/75 ஆர் 15 டயர்களைக் கழற்றிவிட்டு, 16 அங்குல ரிம்மில் 265/70 டயர்களை மாட்டினேன். உரசல் நின்றது. கூடவே இழுவையும் போயிற்று. ஒட்டுப்பால் (உலர்ந்த ரப்பர் பால்) மூட்டைகளோடு இரண்டாம் கியரில் சுகமாக ஏறிய ஏற்றத்தில் வண்டி திணறியது. அரை கிளட்சில் உறுமவைத்து ஏற்றினேன். மூன்றே மாதத்தில் கிளட்ச் தட்டு கருகியது. கோளாறு என்ஜினில்தான் என்று நம்பி ஃபில்ட்டர்களையும் மாற்றினேன். என்ஜினோ நன்றாகவே இருந்தது. டயரைப் பெரிதாக்கியபோது, சக்கரங்களுக்கு முன்னால் உள்ள கடைசிப் பல்சக்கர விகிதத்தையும் சேர்த்தே மாற்றியது போல ஆக்கிவிட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது.

அதை நீங்கள் காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.

படி 1: எவ்வளவு இழந்தீர்கள் என்று கணக்கிடுங்கள்

டயரின் பக்கவாட்டில் இருக்கும் முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பழைய டயரில் 215-இன் 75 சதவீதம் 161.25. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்கள் என்பதால் 322.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மொத்த விட்டம் 703.5 மி.மீ. புதிய டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 777.4 மி.மீ. வருகிறது. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.105.

இந்த 1.105-ஐ வண்டியின் கதவிலேயே எழுதி ஒட்டிவைக்கலாம். அத்தனை இடங்களில் உதவும். சக்கரம் ஒரு சுற்றுக்குப் பத்தரை சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. ஆகவே அதே கியரில் சாலையைத் தள்ளும் விசை ஏறத்தாழ ஒன்பதரை சதவீதம் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடுகிறது. மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டதாகப் பலர் வருந்துவதிலும் பாதி இந்தக் கணக்குப் பிழைதான். மீட்டர்படி லிட்டருக்கு 12 கி.மீ. என்றால் உண்மையில் 13.26. ஆயில் மாற்றும் தவணையும் அப்படியே: மீட்டரில் 10,000 கி.மீ. ஆகும்போது வண்டி 11,050 ஓடிவிட்டது.

ஹவுசிங் எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டால், இரு விட்டங்களின் வித்தியாசத்தில் பாதி, 37 மி.மீ. இதற்காகத்தான் இத்தனையும்.

படி 2: செலவில்லாத குறைகளை முதலில் களையுங்கள்

கணக்கு காட்டும் பத்து சதவீதத்தைவிட அதிகமாக வண்டி சோம்புகிறதா? அப்படியானால் வேறு காரணமும் சேர்ந்திருக்கிறது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு பழைய டயருக்கானது; புதிய டயரின் நிறுவனம் தரும் சுமை அட்டவணைப்படி வையுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டர்போ குழாய்களின் கிளிப் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அழுத்தம் அங்கே வீணாகிறது.

பிறகு எடை. பழைய சக்கரம் ஒன்றையும் புதியது ஒன்றையும் வாழைக்குலை எடுக்கும் மண்டியின் தராசில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சுழலும் எடை சும்மா கிடக்கும் எடையைவிடக் கொடியது. ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் அதைச் சுழற்றவும் என்ஜின் உழைக்க வேண்டும். மண்பாதைக்கான தடித்த பட்டை டயரை வெறும் அழகுக்காகப் போட்டவர்களுக்கு, அதே அளவில் லேசான சாலை டயருக்கு மாறினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

படி 3: உங்கள் கிரவுன் பினியன் விகிதத்தை அறியுங்கள்

டிஃபரன்ஷியல் ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன்; அதைச் சுற்றும் சிறியது பினியன். ஹவுசிங்கைத் திறக்காமலே இவற்றின் விகிதத்தை அறியலாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு.

நான் டயரைச் சுற்ற, என் மைத்துனன் வெளியிலிருந்தபடி டார்ச் அடித்து ஷாஃப்டின் கோட்டை எண்ணினான். டயரை இருபது சுற்றுச் சுற்றியபோது ஷாஃப்ட் சரியாக 41 சுற்று. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று வரும். ஆகவே இருபதைப் பாதியாக்கிப் பத்து; 41-ஐப் பத்தால் வகுத்தால் 4.10. கிரவுனில் 41 பல், பினியனில் 10. (இது சாதாரண டிஃபரன்ஷியலுக்கான முறை; இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக் உள்ளதற்குப் பொருந்தாது.)

இப்போது 4.10-ஐ 1.105-ஆல் பெருக்குங்கள்: 4.53. இதற்கு நெருக்கமானது 41 பல்லுக்கு 9 பல், அதாவது 4.56. பினியனில் ஒரே ஒரு பல் குறைந்தால் போன இழுவை மொத்தமும் திரும்பிவிடுகிறது! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

படி 4: டயரைக் குறைப்பதா, கியரை மாற்றுவதா?

பெரும்பாலும் தார்ச்சாலையில், தோவாளைக்குப் பூவும் மார்த்தாண்டத்துக்கு ஏத்தன் குலையும் கொண்டுபோகும் வண்டிக்குப் பெரிய டயரே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. 235/75 ஆர் 15-க்கு இறங்கிவிடுங்கள். விட்டம் 733.5 மி.மீ.; பழையதைவிட நாலேகால் சதவீதம்தான் அதிகம். கியரைத் தொடாமலே ஓட்டலாம். உங்கள் ஹவுசிங்குக்குப் பொருந்தும் வேறு விகித ஜோடி கிடைக்காவிட்டாலும் இதுவே வழி.

மண்பாதைக்கு உயரம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் கியருக்குப் போகட்டும். என்ஜினின் மென்பொருளை மாற்றித் திறன் கூட்டித் தருவதாகச் சொல்வார்கள். விகிதக் கோளாறு அப்படியே இருக்க, கிளட்சுக்கும் டர்போவுக்கும் சுமைதான் கூடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதற்கும் முன்பு ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். புதிய டயரின் சுமை எண் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையவே கூடாது.

படி 5: ஒர்க்‌ஷாப்பில் கவனிக்க வேண்டியவை

பழகாதவர்கள் தாமே செய்யும் வேலை இது அல்ல. ஆனால் அருகில் நின்று பார்க்க வேண்டும். கிரவுனும் பினியனும் ஒரே ஜோடியாக வந்தவையா? பேரிங்குகள் புதியவையா? பல்லிடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்கிறார்களா? பல்லில் சாயம் தடவிச் சுற்றும்போது, அழியும் தடம் பல்லின் நடுப்பகுதியில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளை மாற்றி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கையால் ஆட்டிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் முன் அச்சிலும் அதே விகிதம் போட்டாக வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால் மீட்டரும் தானாகவே ஏறக்குறைய சரியாகிவிடும். சக்கரத்தில் இருந்தால் தனியாகத் திருத்த வேண்டும். பிரேக்குக்கு மட்டும் இதனால் எந்த லாபமும் இல்லை. பெரிய டயரால் குறைந்த பிடி குறைந்ததுதான். இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்குங்கள்.

வேலை முடிந்த வண்டியை எடுத்துக்கொண்டு, ஆடி மாதத்தில் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி நோக்கி வந்தேன். கணவாய்க் காற்று நேராக முகத்தில் அறைந்தது. முன்பெல்லாம் அங்கே டாப் கியர் நிற்காமல் நாலாவதுக்கு இறங்குவேன். அன்று காற்றாலைகளைக் கடக்கும்வரை டாப்பிலேயே வந்தேன், பாரம் ஏற்றாமல்.

பாரம் ஏற்றாதது காரணத்தோடுதான். முதல் 800 கி.மீ. பல் பழகும் காலம். அரை மணி ஓடினால் நிறுத்தி ஆறவிடுங்கள். பிறகு ஹவுசிங் எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து, விரலில் தொட்டுத் தேயுங்கள். மினுமினுப்பாக மாவு போல இருந்தால் இயல்பு. நகத்தில் நெருடும் துணுக்கு ஒன்று தட்டுப்பட்டாலும் புது எண்ணெய் ஊற்றாமல், வேலை செய்த இடத்துக்கே தட்டோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.