சூப்பர்சார்ஜர் காருக்கு ஆயில் கேட்ச் கேன்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலம் முடிந்த கையோடு என் வண்டியில் இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். விரல் முழுக்கக் கறுப்பு எண்ணெய். இத்தனைக்கும் மூன்று மாதம் முன்புதான் அந்த எண்ணெயை வழியிலேயே பிடித்து வைக்கும் டப்பாவை, அதாவது கேட்ச் கேனை, மாட்டியிருந்தேன், நீல நிற அலுமினியம், போனட்டைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணைப் பறிக்கும். அதைத் திறந்தால் அடியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய்கூட இல்லை. வாடகை தராத குடித்தனக்காரர் போல மூன்று மாதமாக இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தவறு டப்பாவிடம் பாதி, என்னிடம் பாதி. என் பாதியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நிறைய பேர் செய்கிறார்கள்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். இதுதான் பிளோ-பை. அங்கே ஆயில் ஆவி, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். இந்த வாயுவை பிசிவி வால்வு வழியாகத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்பி எரித்துவிடுவதுதான் கம்பெனி செய்திருக்கும் ஏற்பாடு. சாதாரண வண்டியில் இதனால் பெரிய தொல்லை இருக்காது. சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜின் சுழற்சியால் ஓடிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, உள்ள வண்டியில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுதல், அதனால் பிளோ-பையும் கூடுதல். போகிற வழியில் சூப்பர்சார்ஜருக்குள் சுழலும் ரோட்டரிலும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் எண்ணெய் படியும், மிச்சம் சிலிண்டருக்குள் போய்ப் பெட்ரோலின் ஆக்டேனைக் கெடுக்கும், பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் நாக்கிங் வரும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும், காசு கொடுத்து வாங்கிய பவர் காணாமல் போகும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் இன்னும் மோசம், இன்லெட் வால்வைக் கழுவ அங்கே பெட்ரோலே வராது, படிந்த எண்ணெய் அப்படியே கரியாகிவிடும்.

சரி, இப்போது என் தவறுக்கு வருகிறேன். கிராங்க்கேஸ் மூச்சு விடுவதற்கு ஒரு வழி இல்லை, இரண்டு வழி. ஐடிலிலும் நிதானமாக ஓட்டும்போதும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கும், அப்போது வாயு பிசிவி வால்வு வழியாகப் போகும். அதே நேரம் சுத்தமான காற்று இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரில் இருக்கும் பிரீதர் ஹோஸ் வழியாக உள்ளே வரும். ஆக்சிலேட்டரை அழுத்தி பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) ஏறியதும் எல்லாம் தலைகீழ். மேனிஃபோல்டில் வேக்குவம் போய் அழுத்தம் வந்துவிடும், பிசிவி வால்வு மூடிக்கொள்ளும், வாயு பிரீதர் ஹோஸில் எதிர்த்திசையில் வந்து சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும் பைப்பில் கொட்டும். பிளோ-பை அதிகமாக வருவதும் அந்த நேரத்தில்தான். நான் டப்பாவை மாட்டியதோ பிசிவி பக்கம். கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை.

ஆகவே 'எந்த கேட்ச் கேன் நல்லது' என்று கேட்பதற்கு முன், உங்கள் வண்டி பூஸ்டில் எந்தப் பக்கம் மூச்சு விடுகிறது என்று பாருங்கள். இரண்டு ஹோஸையும் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியைச் சுற்றிய கம்பியை விட்டாலே பாதி விடை தெரிந்துவிடும். ஒரே ஒரு கேன்தான் மாட்டப் போகிறீர்கள் என்றால் எந்தப் பக்கம் ஈரம் அதிகமோ அந்தப் பக்கம் மாட்டுங்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் மாட்டுங்கள், அல்லது இரண்டு இன்லெட் உள்ள கேனாக வாங்குங்கள்.

இதில் சூப்பர்சார்ஜரின் வகையும் முக்கியம். சென்ட்ரிஃபியூகல் வகையில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும், மேனிஃபோல்டுக்கு பூஸ்ட் நேராக வரும். அப்படிப்பட்ட வண்டியில் கேனுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு திசையில் மட்டும் வழிவிடும் ஒழுங்கான செக் வால்வு இல்லையென்றால் 6, 8 பிஎஸ்ஐ அழுத்தம் கேன் வழியாகவே கிராங்க்கேஸுக்குள் நுழைந்துவிடும். டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பும், ஆயில் சீல் கசியும், 'சூப்பர்சார்ஜர் போட்டதால் இன்ஜின் போச்சு' என்று ஊரெல்லாம் பேச்சாகும். இன்ஜின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ரூட்ஸ், ட்வின்-ஸ்க்ரூ வகைகளில் பெரும்பாலும் த்ராட்டில் முன்னால் இருக்கும். பிசிவி ஹோஸ் த்ராட்டிலுக்கும் ரோட்டருக்கும் நடுவில் சேர்ந்தால் அதற்குப் பூஸ்ட் தெரியாது, ஆனால் வரும் எண்ணெய் எல்லாம் நேராக ரோட்டர் மேல்தான் விழும். உங்களுடையது எந்த வகை என்று பெயர்ப்பலகையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆடியின் பழைய 3.0 டிஎஃப்எஸ்ஐ வி6-ஐ டர்போ என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு, அதில் இருப்பது சூப்பர்சார்ஜர்; அதே பெயரில் பின்னால் வந்த வி6-இல்தான் டர்போ.

இனி டப்பாவின் பாதி. என்னுடையதை அறுத்துப் பார்த்தேன் (ஆமாம், கோபத்தில்தான்). உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் ஓட்டை, இன்னொரு பக்கம் ஓட்டை, நடுவில் வெற்றிடம். எண்ணெய் என்பது இங்கே சொட்டுச் சொட்டாக வருவதில்லை, பனி மாதிரி மிதந்து வருகிறது. அது எதிலாவது மோதி, திசை திரும்பி, வேகம் குறைந்தால்தான் சொட்டாகி அடியில் விழும். அதற்கு உள்ளே தடுப்புத் தகடும் ஸ்டெயின்லெஸ் மெஷ்ஷும் வேண்டும், உள்ளே வரும் குழாய் கீழ்நோக்கி இறங்கியிருக்க வேண்டும். வாங்கும்போது மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். காலி டப்பாவை வாங்கிப் பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நாரைத் திணித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது துருப்பிடித்துப் பொடியாகி இன்டேக்குக்குள் போனால் ரோட்டருக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்த்து நானே கெட்டிருக்கிறேன். ரேடியேட்டர் பக்கம் போடும் ஹீட்டர் ஹோஸ் எண்ணெய் பட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும், வேக்குவத்தில் சப்பி ஒட்டிக்கொள்ளும். கலர் கலராக வரும் சாதாரண சிலிக்கான் ஹோஸிலும் எண்ணெய் ஊறி வெளியே வியர்க்கும். நைட்ரைல் ரப்பர், எண்ணெய் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அளவும் குறையக்கூடாது. பிரீதர் பக்கம் 5/8 அங்குல வழி இருந்த இடத்தில் 3/8 அங்குலக் குழாயை மாட்டினால் வழி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், கிராங்க்கேஸில் அழுத்தம் தேங்கும். ஹோஸ் நடுவில் தொங்கிப் பள்ளமாக இருந்தாலும் இதே கதைதான், பள்ளத்தில் தண்ணீர் தேங்கி அடைத்துக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டுங்கள். மெல்ல உள்ளே இழுத்தால் சரி. உப்பி ஐந்து விரலும் எழுந்து நின்றால் எங்கோ அடைத்திருக்கிறது, இல்லை ரிங் போய்விட்டது. ரிங் போன இன்ஜினுக்கு எந்த கேனும் மருந்தாகாது. ஆயிரம் கிலோமீட்டருக்குள் கேன் நிரம்பினால் இன்னும் பெரிய கேன் தேடாமல், சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

மேலே குட்டி ஃபில்டர் வைத்து வாயுவைக் காற்றில் விடும் கேன் வேண்டவே வேண்டாம். ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிக்கு அது சரி. நம் வண்டிக்கு, கிராங்க்கேஸ் வாயு வெளியே வரக்கூடாது என்பது வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதி. அதைவிட, சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக வரும் எரிந்த எண்ணெய் நாற்றம் வீட்டில் உள்ளவர்களை ஒரே நாளில் உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடும். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் பிசிவியையும் விட்டுவைத்து இதையும் மாட்டினால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், ஐடில் தடுமாறும், செக் இன்ஜின் விளக்கு எரியும்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. புதுச்சேரி, கடலூர் பக்கம் ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதோடு வண்டியை லாஸ்பேட்டையிலிருந்து மிஷன் வீதி வரை, இல்லை மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச் வரை மட்டுமே ஓட்டினால் ஆயில் முழுச்சூட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிடும். எரியும் பெட்ரோலிலிருந்து வரும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே தங்கும். மார்கழியில் கேனைத் திறந்தால் பால் அதிகமான காபி நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். இதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதறி இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்தவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார். கூலன்ட் அளவு குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருக்கிறது என்றால் அது வெறும் ஈரம்தான். வாரம் ஒரு தடவை ஈசிஆரில் மரக்காணம் வரை போய் வந்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கேனை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சூட்டில் ஆவி ஆவியாகவே கடந்து போய்விடும், உள்ளே பெட்ரோலும் கலந்திருப்பதால் ஆபத்தும்கூட. பிராக்கெட் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ்ஸில் செய்து வாங்குங்கள். அடியில் டிரெயின் குழாய் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், எட்டாத கேனை யாரும் காலி செய்வதில்லை, நிரம்பியதும் மொத்தத்தையும் ஒரே மூச்சில் இன்ஜின் உறிஞ்சிவிடும். 1,000, 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம்.

எடுத்ததை 'ஆயில்தானே' என்று திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் பெட்ரோலும் அமிலமும் இருக்கிறது. சாக்கடையிலும் வேண்டாம், புதுச்சேரியின் பெரிய வாய்க்காலில் ஏற்கெனவே தேவையான அளவு கறுப்பு ஓடுகிறது. நான் ஒரு பழைய ஆயில் கேனில் சேர்த்து வைத்து, ஆயில் மாற்றப் போகும்போது பட்டறையின் கழிவு ஆயில் பேரலில் கொட்டிவிடுகிறேன்.