பழைய வெள்ளிக்காசு வாங்கப் போகிறீர்களா? முதலில் எடையைப் பாருங்கள்

சேமிப்புக்காகப் பழைய வெள்ளிக்காசு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்காக வாங்குகிறீர்களா, அரிய காசு என்பதற்காக வாங்குகிறீர்களா? காசு சேகரிப்பு தனி உலகம், எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் குறியில் ஒரு புள்ளி மாறினாலே அங்கே விலை எங்கோ போய்விடும், அதைப் பிடிபடுத்திக்கொள்ளவே பல வருடம் ஆகும். நாம் பேசப் போவது தேய்ந்து கறுத்துப்போன, சேகரிப்பாளர்கள் சீந்தாத சாதாரணக் காசுகளைப் பற்றி. சேமிப்புக்கு அவைதான் வசதி.

படி 1: ஆண்டைப் பார்த்து வெள்ளி அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழையது என்பதாலேயே வெள்ளி அதிகம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் 1939 வரை 91.7 சதவீத வெள்ளி, 1940-இல் 50 சதவீதமாகக் குறைத்தார்கள், 1947-இல் வெறும் நிக்கல். அமெரிக்காவின் 10, 25, 50 சென்ட் காசுகள் 1964 வரை 90 சதவீதம். பிரிட்டனின் வெள்ளிக்காசுகள் 1919 வரை 92.5 சதவீதம், 1920 முதல் 1946 வரை 50 சதவீதம், அதற்கப்புறம் புழக்கத்துக்கு வந்ததில் வெள்ளியே இல்லை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு காசுகளில் ஒரு வருட வித்தியாசத்தில் பாதி வெள்ளி காணாமல் போயிருக்கும்.

ஆண்டும் சில நேரம் ஏமாற்றும். ஆஸ்திரியாவின் மரியா தெரேசா தாலர் காசில் 1780 என்று இருக்கும், ஆனால் அதே ஆண்டைப் போட்டு இருபதாம் நூற்றாண்டிலும் பல நாட்டு நாணயச்சாலைகளில் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். இருநூறு வருடத்துக் காசு என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதில் 83.3 சதவீத வெள்ளி இருக்கிறது, அதற்கு மட்டும் பணம் கொடுங்கள்.

படி 2: கணக்குப் போடுங்கள்

எடையைத் தூய்மையால், அதாவது வெள்ளி சதவீதத்தால், பெருக்கினால் போதும். பழைய ரூபாய் 11.66 கிராம், அதை 0.917-ஆல் பெருக்கினால் 10.69 கிராம் வெள்ளி. அதை அன்றைய கிராம் விலையோடு பெருக்குங்கள், அதுதான் காசின் உலோக மதிப்பு. உலகச் சந்தை விலையை ட்ராய் அவுன்ஸில் சொல்வார்கள், ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம்.

ஆனால் காசுகளைப் பற்றிய புத்தகங்களில் இருக்கும் இந்த எடை புதுக் காசுக்கானது. பல கை மாறிய காசு தேய்ந்திருக்கும், அதனால் நீங்களே தராசில் வைத்துப் பார்த்த எடைதான் கணக்கு.

படி 3: திரும்ப என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள்

விற்பவர் உலோக மதிப்புக்கு மேல் கொஞ்சம் வைத்துத்தான் தருவார், நீங்கள் விற்கப் போகும்போது அதற்குக் கீழேதான் எடுப்பார். இது நியாயம்தான், அது அவர் பிழைப்பு. ஆனால் இந்த இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்கள் உண்மையான செலவு. வாங்குவதற்கு முன்பே, "இதே காசை நாளைக்குக் கொண்டுவந்தால் என்ன தருவீர்கள்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 4: போலியா என்று சோதியுங்கள்

இதற்குக் கொஞ்சம் மெனக்கெடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, விட்டம் அளக்க ஒரு காலிப்பர், ஒரு நல்ல காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, இவ்வளவு போதும். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியில்லை, பேச்சே வேண்டாம். ஒட்டாததால் மட்டும் வெள்ளியாகிவிடாது, செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாதவைதான். அடுத்து விளிம்பு. அச்சில் வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும், பரப்பில் ஊசிக்குத்து போலக் குழிகள் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கப் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் முழுசாகத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 11.66 கிராம் ரூபாய் என்றால் தராசு 1.13 அளவில் காட்டும், விடை 10.3 பக்கம் வரும், அதுதான் அந்தக் கலவையின் அடர்த்தி. 9-க்குக் கீழே வந்தால் செம்பு அல்லது பித்தளைமேல் முலாம் என்று சந்தேகப்படலாம், 11-ஐத் தாண்டினால் ஈயம். பாதி வெள்ளிக் காசுக்கு 9.5 வாக்கில் வரும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். காசில் ஒட்டும் காற்றுக்குமிழிகளை உதறிவிடுங்கள், இல்லாவிட்டால் விடை குறைவாக வரும். காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அடர்த்தி மாறாது என்பதுதான் இந்தச் சோதனையின் அழகு.

படி 5: பத்திரப்படுத்துங்கள், தேய்க்காதீர்கள்

கறுப்பு படிவது காற்றிலுள்ள கந்தகத்தால், அதனால் வெள்ளி கெட்டுப்போகாது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் கொஞ்சம் வெள்ளியும் போகும், தற்செயலாக உங்களிடம் அரிய காசு ஒன்று இருந்தால் அதன் விலையும் போகும். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டும் கூடாது. ஈரமில்லாத இடம் முக்கியம்.

படி 6: எவ்வளவு வாங்கலாம்?

அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள். வெள்ளி விலை தங்கத்தைவிட அதிகமாக ஆடும். 1980 ஜனவரியில் உச்சத்துக்குப் போன வெள்ளி இரண்டே மாதத்தில் சரிந்தது, மறுபடி அந்த விலையை நெருங்க 2011 ஆனது, உச்சத்தில் வாங்கியவர் முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தார். அதனால் மொத்தமாக வாங்காமல் சிறுகச் சிறுக வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள், அதில் காசின் வகை, ஆண்டு, எடை எல்லாம் எழுதி வாங்குங்கள். 50 சதவீதக் காசையும் 91.7 சதவீதக் காசையும் ஒரே பையில் கலந்து போடாதீர்கள், விற்கும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைந்த விலைதான் சொல்வார்கள்.