டிஷ்யூ பாக்கெட்டை வைத்து சமூகவியல் பழகுவது எப்படி?

பகுதிநேரமாகச் சமூகவியல் படிக்கச் சேர்ந்ததும் கொடுத்த முதல் வேலை: ஏதாவது ஓர் அன்றாடப் பழக்கத்தை ஒரு மணி நேரம் கவனித்து எழுது. சுலபம் என்று நினைத்தேன். என் அறிக்கை முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. நீங்களாவது தப்பிக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் இடம். புது இடம் வேண்டாம், பழகிச் சலித்த இடமே நல்லது. நான் போனது சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையம், சனிக்கிழமை மதியம். கவனித்தது 'சோப்' (chope) போடுவதை, அதாவது ஏதாவது ஒரு பொருளை வைத்து மேசைக்கு இடம் பிடிப்பதை. சில காசு பெறும் டிஷ்யூ பாக்கெட் நான்கு பேர் உட்காரும் மேசையைக் காவல் காக்கிறது. இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கவோ, பல வருடப் பிரசாரம் போதாமல், 2021 செப்டம்பரிலிருந்து சட்ட நடவடிக்கையே எடுக்க வேண்டியிருந்தது. ஒரே கூடம், ஒரே ஆட்கள். ஒன்று தானாக நடக்கிறது, இன்னொன்று நடக்கவில்லை. ஏன்? இந்த அரிப்பு வந்துவிட்டால் பாதி சமூகவியலாளர் ஆகிவிட்டீர்கள்.

குறிப்பெடுக்கக் கைப்பேசியே போதும். நான் நோட்டும் பேனாவுமாக நின்றதைப் பார்த்து ஒரு கடைக்காரம்மா அவசரமாகக் கையுறை மாட்டினார். சுகாதாரப் பரிசோதனை என்று நினைத்திருப்பார் போல.

அடுத்ததுதான் நான் சறுக்கிய இடம். "கணவனும் மனைவியும் எரிச்சலோடு மேசை தேடினார்கள்" என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் ஆசிரியர் கேட்டிருந்தார்: "கணவன் மனைவி என்று யார் சொன்னது? எரிச்சலை எங்கே பார்த்தீர்கள்?" கண்ணுக்குப் பட்டதை மட்டும் எழுதினால் இப்படி வரும்: "இருவர், கையில் பிரியாணித் தட்டு. டிஷ்யூவைப் பார்த்ததும் நின்றார்கள். பக்கத்து மேசைக்காரரிடம், 'இங்க ஆள் இருக்காங்களா?' அவர், 'இருக்காங்க' என்றார். நகர்ந்தார்கள்." இப்போதுதான் விஷயமே தெரிகிறது. பாக்கெட்டை வைத்தவர் யாரென்றே தெரியாத ஒருவர் அதற்குக் காவலாளி ஆகிவிட்டார்! எரிச்சலைத் துரத்திக்கொண்டிருந்த நான் இதைக் கோட்டைவிட்டிருந்தேன்.

பிறகு, "இதை மீறினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் தம் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவர்போல் நடந்துகொள்ளச் சொன்னார். வீட்டார் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள். மீறும்போதுதான் விதி வெளியே தெரியும் என்பது அவர் கணக்கு. யாருடைய டிஷ்யூவையும் நகர்த்திப் பார்க்காதீர்கள், வீட்டிலேயே செய்யுங்கள். "அம்மா, ஃப்ரிட்ஜைத் திறந்துக்கலாமா?" என்று கேட்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கவனிக்கப் போன இடத்தில் பக்கத்து மேசைக்காரர் தன்னை முறைத்தார் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தப்பு என்னுடையது, சொல்ல மறந்துவிட்டேன். அந்நியரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொள்வதுதான் பொது இட மரியாதை. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். ஆகவே ஒரு தே (தேநீர்) வாங்கி வைத்துக்கொண்டு, பார்ப்பதும் குடிப்பதுமாக இருங்கள். படம் எடுக்காதீர்கள், பெயர் காதில் விழுந்தாலும் குறிக்காதீர்கள்.

இன்னொருவர் மூன்று மணிக்குப் போயிருக்கிறார், ஒரு பாக்கெட்கூட இல்லையாம். வீண் என்று அழித்துவிடாதீர்கள், அதையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். கூட்டம் இருந்தால்தானே சோப்புக்கு வேலை! அடுத்து நான் அமோய் ஸ்திரீட் உணவங்காடிக்குப் போகிறேன். அங்கே அலுவலக அட்டையையே மேசையில் போட்டுவிட்டு வரிசைக்குப் போய்விடுகிறார்கள் என்கிறான் நண்பன்.