சதுர அடியில் இருக்கும் வெப்பக் கணக்கைச் சதுர மீட்டருக்குக் கொண்டுவருவது எப்படி

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றின் பாய்லர் கூடத்தில் மூன்று தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய கையேட்டில் வெப்பப் பாய்வு அடர்த்தி, அதாவது குறிப்பிட்ட பரப்பு வழியாகக் குறிப்பிட்ட நேரத்தில் போகும் வெப்பம், ‘மணிக்கு, சதுர அடிக்கு இத்தனை பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு)’ என்று இருக்கும். ஜப்பானிய வெப்பக் காப்புப் பொருளின் பழைய தாளில் ‘மணிக்கு, சதுர மீட்டருக்கு இத்தனை கிலோகலோரி’. புதிதாக வாங்கிய உணர்கருவியோ ‘சதுர மீட்டருக்கு இத்தனை வாட்’ என்று காட்டும். மூன்றையும் ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வாட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்று எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் பெருக்குவதா வகுப்பதா என்று ஒரு நாள் குழப்பம் வரும். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் வராது.

இந்த அலகுகள் எல்லாவற்றிலும் இருப்பவை மூன்றே: வெப்பம், நேரம், பரப்பு. ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். 1 பி.டி.யு. என்பது 1055.056 ஜூல். வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். ஒரு மணிக்கு 3600 விநாடி, வகுத்தால் 0.29307 வாட். இவ்வளவும் ஒரு சதுர அடி வழியாகப் போகிறது. ஒரு சதுர மீட்டரில் 10.764 சதுர அடி அடங்கும். பரப்பு பெரிதானால் அதன் வழியே போகும் வெப்பமும் கூடும், ஆகவே பெருக்க வேண்டும்: 0.29307 × 10.764 = 3.1546. ஆக, ‘மணிக்கு, சதுர அடிக்கு 1 பி.டி.யு.’ என்பது சதுர மீட்டருக்கு 3.1546 வாட்.

கிலோகலோரி இன்னும் எளிது. பரப்பு ஏற்கெனவே சதுர மீட்டரில் இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. 1 கிலோகலோரிக்குரிய 4186.8 ஜூலை 3600ஆல் வகுத்தால் 1.163 வாட். 860 கிலோகலோரி ஒரு கிலோவாட் மணி என்ற பழைய கணக்கும் இதுவேதான். சில நூல்கள் கலோரிக்கு 4.184 ஜூல் போடும், சில 4.1868 போடும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் ஆலைக் கணக்கில் அதைப் பொருட்படுத்த வேண்டாம். சதுர சென்டிமீட்டருக்கு வாட் என்று இருந்தால் 10,000ஆல் பெருக்குங்கள். 100ஆல் பெருக்கிவிட்டு நிற்பது அடிக்கடி நடக்கும் பிழை.

லேகிங் (வெப்பக் காப்பு உறை) போட்ட நீராவிக் குழாயின் மேற்பரப்பில் மணிக்கு, சதுர அடிக்கு 120 பி.டி.யு. இழப்பு என்று கையேடு சொல்கிறது என்று வைப்போம். 120 × 3.1546 = 378.6 வாட். அதை 1.163ஆல் வகுத்தால் 325.5 கிலோகலோரி. பரப்பைப் பெருக்குவதற்குப் பதில் வகுத்தவருக்கு 3.27 வாட் என்று வரும். இது தப்பு என்று தாளைப் பார்க்காமலே சொல்லலாம். காற்றோட்டம் அதிகமில்லாத கூடத்தில் சுற்றுக் காற்றைவிட மேற்பரப்பு 1 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் வெளியேறும். காற்று 32 டிகிரி, லேகிங் தகடு 70 டிகிரி என்றால் 380 வாட் அளவில் வர வேண்டும். 3 வாட் என்றால் தகடு காற்றைவிட அரை டிகிரிகூடச் சூடாக இல்லை என்று பொருள். ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

பழைய பாய்லர்களில் ‘ஒரு பாய்லர் குதிரைத்திறனுக்கு 10 சதுர அடி’ வெப்பமேறும் பரப்பு என்ற கணக்கும் உண்டு. பாய்லர் குதிரைத்திறன் என்பது மணிக்கு 33,475 பி.டி.யு. பத்தால் வகுத்தால் சதுர அடிக்கு 3347.5, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10.56 கிலோவாட். மோட்டாரின் 746 வாட் குதிரைத்திறனை இங்கே போட்டால் விடை பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

மிகவும் கவனம் வேண்டிய இடம், அலகின் கடைசியில் ‘டிகிரி பாரன்ஹீட்’ ஒட்டியிருக்கும் எண். அது வெப்பப் பாய்வு அடர்த்தி அல்ல, வெப்பக் கடத்தல் கெழு; அதாவது ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் எவ்வளவு வெப்பம் பாயும் என்ற எண். அதற்கு 3.1546 பொருந்தாது; அதை 1.8ஆல் பெருக்கி வரும் 5.678 வேண்டும். கெழு 0.5 என்றால் 2.84. இரு பக்கத்துக்கும் இடையே 50 டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம் என்றால் அது 27.8 டிகிரி செல்சியஸ் வித்தியாசம், பாய்வு 78.9 வாட். இங்கே பழக்கதோஷத்தில் 32ஐக் கழிப்பவர்கள் உண்டு. வெப்பநிலைக்குத்தான் 32ஐக் கழிக்க வேண்டும், வித்தியாசத்தை 1.8ஆல் வகுத்தால் போதும். கழித்தால் 10 டிகிரி என்று வந்து, பாய்வு 28 வாட்டாகக் குறைந்துவிடும். அதை நம்பி வாங்கும் காப்பு மெல்லியதாகத்தான் இருக்கும்.

தகரக் கூரைக்கோ சோலார் தட்டுக்கோ வெயில் கணக்குப் போடுபவர்களுக்கு நேரம்தான் சிக்கல். வானிலைத் தரவு ‘நாளுக்கு, சதுர மீட்டருக்கு இத்தனை மெகாஜூல்’ என்று வரும். 11.574ஆல் பெருக்கினால் வாட். 16.2 மெகாஜூல் என்பது 4.5 கிலோவாட் மணி, அதாவது 187.5 வாட். ஆனால் இது இரவையும் சேர்த்த 24 மணி நேரச் சராசரி. நம் நாட்டில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் பகல் சராசரி 375 வாட். மேகமில்லாத நண்பகலில் 1000 வாட்டை ஒட்டிப் போகும். மின்சாரம் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்க நாள் மொத்தத்தை எடுங்கள். கூரைக்கு அடியில் காப்பு எவ்வளவு தடிமன் வேண்டும் என்று பார்க்க நண்பகல் எண்ணை எடுங்கள்.