எழுத்தை அல்ல, சொல்லை வாய்விட்டுப் படியுங்கள்: ஜப்பானுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டோக்கியோவில் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் பலர் எடோகாவா வார்டில் உள்ள நிஷி-கசாயில்தான் வீடு தேடுகிறார்கள். அந்த ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையே நல்ல முதல் பாடம். அதில் மூன்று கான்ஜி எழுத்துகள், அதாவது சீனாவிலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள். முதலாவதும் மூன்றாவதும் ஒரே எழுத்து, பொருள் 'மேற்கு'. முதலில் அதை 'நிஷி' என்கிறார்கள், கடைசியில் 'சாய்'. அங்கே நிற்கும் டோஜாய் லைன் ரயிலின் பெயரில் அதுவே 'ஜாய்'. வார்டு அலுவலகப் படிவத்தில் கிறிஸ்து ஆண்டைக் குறிக்கும் 'சேரெகி'யில் 'சே'.

'நிஷி' ஜப்பானியர்களின் சொந்தச் சொல். இத்தகைய உச்சரிப்பு குன்யோமி. மற்றவை சீனாவிலிருந்து வந்த ஒன்யோமி. அவையும் ஒரே காலத்தில் வரவில்லை. 'சாய்' முன்பே வந்துவிட்டது. 'சே' 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை சீனத் தாங் அரசின் தலைநகருக்குப் போய்வந்த தூதர்களும் துறவிகளும் கொண்டுவந்தது. புதியது வந்தபின்னும் பழையது போகவில்லை.

அதனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த 2136 எழுத்துகளுக்கும் உச்சரிப்புப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். முழுச்சொல்லாகப் படியுங்கள், வாய்விட்டு. இரண்டு கான்ஜி ஒட்டி நின்றால் பெரும்பாலும் ஒன்யோமி. கான்ஜிக்குப் பின்னால் ஹிரகானா (ஒலியை மட்டும் குறிக்கும் ஜப்பானிய எழுத்து) வால் தொங்கினால் பெரும்பாலும் குன்யோமி. ஊர்ப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் இது செல்லாது. ஜப்பானியர்களே கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள், படிவங்களில் ஃபுரிகானா, அதாவது பெயரின் உச்சரிப்பை எழுதும் கட்டம் இருப்பதும் அதற்காகத்தான். உங்கள் பெயரைக் கதகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஒலியெழுத்து) எப்படி எழுதுவது என்று முதல் வாரமே முடிவுசெய்து, வங்கி, காப்பீடு, செல்போன் எல்லாவற்றுக்கும் அதையே கொடுங்கள்.

ஒன்யோமிக்கு ஒரு நல்ல பிடி உண்டு. 'நீலம்' என்ற எழுத்தின் ஒன்யோமி 'சே'. அதை உறுப்பாகக் கொண்ட எழுத்துகள் பலவும் 'சே'தான்: நிலையத்தில் மீதிக் கட்டணம் கட்டும் இயந்திரமான 'சேசன்கி', துப்புரவுக்கான 'சேசோ', பில்லுக்கான 'சேக்யூஷோ'. எல்லா உறுப்புகளும் இவ்வளவு ஒழுங்கில்லை. ஆனாலும் தெரியாத எழுத்தைப் பார்த்ததும் உறுப்பைத் தேடும் பழக்கம் வீண்போகாது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு பலம் இருக்கிறது. குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் நாம் பிறந்ததிலிருந்து பேசுவது. 'கிதெ' என்றால் வா, 'கித்தெ' என்றால் தபால்தலை. பாடு, பாட்டு என்று பிரிக்கும் காதுக்கு இது சிரமமே இல்லை. இடறுவது வல்லினத்தில். பல்கலைக்கழகத்துக்கான சொல்லையும் படிப்பைப் பாதியில் விடுவதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'டைககு'தான். ஜப்பானியத்தில் முதல் ஒலி ஒன்றில் அதிரும், மற்றதில் அதிராது. எனவே குறிப்பெடுப்பதை முதல் நாளிலிருந்தே ஹிரகானாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை தொடக்கப்பள்ளியில் படித்தால் உங்களுக்கு இலவச வகுப்பே வீட்டில் நடக்கும். 'ஒந்தொகு' என்ற வாய்விட்டுப் படிக்கும் வீட்டுப்பாடம் வரும். பெற்றோர் கேட்டுவிட்டு அட்டையில் குறிக்க வேண்டும். முதல் வகுப்பில் 80 கான்ஜிதான். கேட்டதோடு நிறுத்தாமல், அதே பக்கத்தை அடுத்து நீங்கள் படியுங்கள், குழந்தை திருத்தட்டும்.