எம்.சி.சி பேனலை மோட்பஸ்ஸில் இணைப்பது: 60 ஓம் வராமல் லேப்டாப்பைத் திறக்காதீர்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் மோட்டார் பேனலை, அதாவது எம்.சி.சி.யை, டிரைவ்களும் கம்ப்யூட்டரும் ஒரே கேபிளில் பேசிக்கொள்ளும் மோட்பஸ் நெட்வொர்க்கில் கொண்டுவந்தபோது செய்தவற்றை எழுதுகிறேன். எலிவேட்டர், பாலிஷர், ப்ளோயர் எல்லாவற்றுக்கும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் இருந்தும், எது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு பேனலாகப் போய் நிற்க வேண்டியிருந்தது. பாலிஷர் டிரிப் ஆனது தெரிவதற்குள் எலிவேட்டர் அரிசியைக் கொட்டிக் குவித்துவிடும். இப்போது ஆம்பியர் ஏறும்போதே திரையில் தெரிகிறது. டிரைவில் பாராமீட்டர் மாற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அட்ரஸ்

ஒவ்வொரு டிரைவுக்கும் அட்ரஸாக 1 முதல் 247 வரை எந்த எண்ணும் தரலாம். இரண்டு டிரைவுக்கு ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழப்பும். எண்ணைப் பேனல் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.

2. கேபிள்

ஷீல்டு போட்ட, ஜோடியாக முறுக்கிய ஆர்.எஸ்-485 கேபிள்தான் வேண்டும். மிச்சம் கிடக்கும் கண்ட்ரோல் வயரை வைத்து ஒப்பேற்றாதீர்கள். ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஒரே வரிசையாகப் போக வேண்டும். நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. மோட்டார் கேபிளோடு சேர்த்து ஓட்டாமல், தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டுங்கள்.

ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். நம் பக்கத்துச் செம்புறாங்கல் மண் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பிட்டின் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். இரண்டு கட்டடத்துக்கு இரண்டு எர்த் இருந்தால் அவற்றுக்கு நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வரும். ஷீல்டை இருபுறமும் கட்டினால் அதன் வழியாகவே கரண்ட் ஓடத் தொடங்கும்.

3. 60 ஓம்

பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வரிசையின் இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும், நடுவில் எங்கும் கூடாது. பல டிரைவ்களில் இந்த ரெசிஸ்டர் உள்ளேயே ஒரு சிறிய ஸ்விட்சோடு வரும். நடு டிரைவில் அந்த ஸ்விட்சை யாராவது ஆன் செய்து வைத்திருந்தால் வெளியிலிருந்து கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்கு மல்டிமீட்டர் போதும். மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நிமிடங்கள் வரை கண்டிப்பாகக் காத்திருங்கள். உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். அப்புறம் இரண்டு டேட்டா வயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். 60 ஓம் அல்லது சற்றுக் குறைவாக வந்தால் சரி. 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது. 40 என்றால் மூன்றாவது ஒன்று நடுவில் ஒளிந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். லூஸ் கனெக்‌ஷன் இருந்தால் கேபிளை லேசாக ஆட்டும்போதே எண் தாவும். அதனால் எல்லா முனைக்கும் ஃபெரூல் (வயர் முனையில் மாட்டும் சிறு உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் செய்தே ஆக வேண்டும் என்பேன்.

4. பேச வைப்பது

எல்லா டிரைவிலும் 9600 வேகம், ஈவன் பேரிட்டி (பிழை பார்க்கும் முறை), ஒரு ஸ்டாப் பிட் வையுங்கள். பாதி டிரைவ் ஈவன், பாதி நன் (பேரிட்டி இல்லை) என்று இருந்தால் பாதி மட்டும் பேசும். லேப்டாப்புக்கு ஐசொலேஷன் உள்ள யு.எஸ்.பி கன்வர்ட்டரே வாங்குங்கள்; பேனலில் கோளாறு வந்தால் லேப்டாப்பைக் காப்பாற்றுவது அதுதான். முதலில் ஒரே ஒரு டிரைவை மட்டும் படித்துப் பாருங்கள். பதில் இல்லையென்றால் ஏ, பி வயரை மாற்றிப் போடுங்கள். ஒரு கம்பெனி ஏ என்பதை இன்னொரு கம்பெனி பி என்கிறது. மாற்றிப் போடுவதால் எதுவும் கெட்டுப்போகாது.

5. நின்றுபோனால்

கேபிள் அறுந்தால் டிரைவ் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதற்கு ஒரு பாராமீட்டர் உண்டு. ஒவ்வொரு மோட்டாருக்கும் யோசித்து வையுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் நெட்வொர்க்கில் விடவே விடாதீர்கள். அதற்குத் தனி வயர்தான், தனி ரிலேதான். ஆள் கை மாட்டிக்கொண்ட நேரத்தில் மென்பொருளை நம்பி நிற்க முடியாது.

பிற்சேர்க்கை: “டிரைவ் பேசுகிறது, ஆனால் எண் தப்பாக வருகிறது” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மேனுவலில் 40001 என்று இருக்கும் ரெஜிஸ்டர் (டிரைவில் ஓர் அளவு இருக்கும் இடம்) வயரில் 0 என்றுதான் போகும். ரெஜிஸ்டர் எண்ணில் ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் படித்துப் பாருங்கள். 125 என்று வந்து மோட்டார் 12.5 ஆம்பியர் இழுத்தால் அது தசமக் கணக்கு. கிளாம்ப் மீட்டரை மாட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே திரையில் போடுங்கள்.