ஸ்மால்மவுத் பாஸ்: அளவு நாடாவை நம்பி வயது சொல்லாதீர்கள்

தூண்டிலில், வட அமெரிக்க நன்னீர் மீனான ஸ்மால்மவுத் பாஸ் ஒன்று 12 அங்குல நீளத்தில் ஏறினால், "சின்னது, ரெண்டு வயசு இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் டென்னசி நீர்த்தேக்கங்களில் அது ஏறக்குறைய சரியாகக்கூட இருக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் குளிர்ந்த உள்ளேரி ஒன்றில் பிடித்திருந்தால், அந்தச் 'சின்ன' மீனுக்கு ஐந்து, ஆறு வயது ஆகியிருக்கலாம்.

காரணம் வெப்பம். தண்ணீர் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இந்த மீன் இரையைச் சரியாகத் தொடாது, வளர்ச்சியும் நின்றுபோகும். வடக்கே வளர்வதற்குக் கிடைப்பது வருடத்தில் நாலைந்து மாதம்தான்.

சரி, அப்படியென்றால் வடக்கு என்றாலே மெலிந்த மீனா? இதுதான் அடுத்த தவறு. அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரியைப் பாருங்கள். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீனான ரவுண்ட் கோபி, கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நிலைப்பு நீரோடு வந்து 1990 வாக்கில் பேரேரிகளுக்குள் புகுந்தது. அடிமட்டத்தில் கிடக்கும் கொழுத்த சிறு மீன் அது. பாஸுக்கு உட்கார்ந்த இடத்தில் விருந்து! குளிர் மாறவில்லை, சாப்பாடு மாறியது. மீன் வேகமாகப் பருத்தது. டொராண்டோவிலிருந்து சிம்கோ ஏரிக்குத் தூண்டிலோடு போகும் நம்மவர்களுக்கும் இந்தக் கோபி பழக்கமானதுதான்.

தெற்கிலும் எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. நிழல் விழும் குளிர்ந்த ஓடையில் வளரும் மீன், பக்கத்து நீர்த்தேக்கத்து மீனைவிடப் பின்தங்கும்.

நீளம் கூடவில்லை என்பதால் வளர்ச்சி நின்றுவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 12 அங்குல மீன் ஒரு பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 18 அங்குலத்தை எட்டும்போது மூன்று பவுண்டைத் தொடும். நீளம் ஒன்றரை மடங்கு, எடை மூன்று மடங்குக்கு மேல். 1955இல் டென்னசி-கென்டக்கி எல்லையிலுள்ள டேல் ஹாலோ ஏரியில் பிடிபட்ட உலக சாதனை மீன் 27 அங்குலம், 11 பவுண்டு 15 அவுன்ஸ். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு தன் ஏரியைக் குறை சொல்பவர்களும் உண்டு, பாவம்.

அப்புறம், வயதைக் கணிக்க உதவும் செதில். ஒரு செதிலை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி கோடுகள் தெரியும். கோடைக் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், குளிர்காலத்தில் நெருங்கிவிடும். இளம் மீனுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே வரும். வயதான, வளர்ச்சி மந்தமான மீனில் ஓரத்துக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணுபவர் சில ஆண்டுகளை விட்டுவிடுவார். காதுக்குள் இருக்கும் செவிக்கல்லில் வளையங்கள் தெளிவாக இருக்கும், ஆனால் அதை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும். ஆகவே, செதிலை மட்டும் பார்த்துவிட்டு ஏரியில் திரும்ப விட்ட வடக்கத்திப் பெரிய மீனை யாராவது "எட்டு வயசு" என்றால், "குறைந்தது எட்டு இருக்கும்" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.